பதினாறு கண்

மேட்டூர் அணைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பதினாறு கண்ணையும் காட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள். உபரிநீர் வெளியேறும் பதினாறு மதகுகள் அவை. அரசுக் குறிப்பில் அதன் பெயர் எல்லீஸ் உபரிநீர்ப் போக்கி. அணைக்குத் திட்டம் தீட்டிய பொறியாளர் கர்னல் எல்லீஸ். நீர்த்தேக்கத்துக்கு, 1934இல் அணையைத் திறந்த ஆளுநர் ஸ்டான்லியின் பெயர்.

1925இல் தொடங்கி ஒன்பது வருஷம் கல் சுமந்தவர்கள் பெயர் எதற்கும் இல்லை. அவர்களில் ஒருத்தி என் அம்மாயி. "எல்லீசு யாருன்னு எங்களுக்கு எப்படிச் சாமி தெரியும்? ஒவ்வொரு கண்ணா எழும்பறப்ப எண்ணுவோம், இன்னும் எத்தனை நாளைக்குக் கூலி கிடைக்கும்னு."

தண்ணீர் வற்றினால், மூழ்கிய பண்ணவாடியின் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். சனங்கள் போய்ப் பார்க்கிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது. மூழ்கிய சேரிகள் ஒருநாளும் வெளியே தெரிவதில்லை. மண்சுவரும் கூரையும் கரைந்தால் கரைந்ததுதான்.

ஆனால் இன்றும் ஊரில் யாரும் எல்லீஸ் என்று வழி கேட்பதில்லை. பதினாறு கண் என்றுதான் கேட்கிறார்கள். அது அழகுக்கு வைத்த பெயர் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது அம்மாயியின் கூலிக் கணக்கு.