குறையொளியும் இலக்கக் கேமராவும்: தோவாளைப் பூச்சந்தையை முன்வைத்து

ஒளி குறைந்த இடத்தில் எடுக்கப்படும் படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிச் சிதறலைப் படக்கலைஞர்கள் ‘நாய்ஸ்’ அல்லது இரைச்சல் என்பர். படம் எத்தனை நுண்புள்ளிகளாகப் பகுக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் பிரிதிறனுக்கும் இதற்கும் உள்ள உறவே இலக்கக் கேமராவின் வரலாற்றைப் பெருமளவு வடிவமைத்தது. தோவாளையின் பூச்சந்தை இவ்வுறவை விளக்க ஏற்ற களமாகும். விடியுமுன்பே விளக்கொளியில் வியாபாரம் தொடங்கிவிடும் அச்சந்தையில், பிச்சியும் அரளியும் கேந்தியும் கைமாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்கக் கேமராவின் திறப்பு நேரத்தைக் குறைக்க வேண்டியிருப்பதால், படத்துக்குக் கிடைக்கும் ஒளி மேலும் சுருங்கிவிடுகிறது.

பிலிம் காலத்திலும் இச்சிக்கல் இருந்தது. உதகமண்டலத்தில் 1960இல் மத்திய அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்தது போன்ற கறுப்பு வெள்ளைச் சுருள்களில், ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பின் படிகங்களே ஒளியைப் பதிவுசெய்தன. குறைந்த ஒளியைப் பிடிக்கப் பெரிய படிகங்கள் தேவைப்பட்டன. படிகம் பெரிதானால் படத்தில் ‘கிரெய்ன்’ எனப்படும் பரல் துருத்திக்கொண்டு தெரிந்ததோடு நுணுக்கமும் குறைந்தது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி என்னும் சில்லு, ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேமித்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் அமைத்த கேமராவில் 10,000 பிக்சல்கள், அதாவது படப்புள்ளிகள், மட்டுமே இருந்தன. படிகம் மறைந்தபோதும் இரைச்சல் மறையவில்லை. ஏனெனில் ஒளி, ஃபோட்டான் என்னும் துகள்களாக, மழைத்துளிகள் விழுவதுபோல் ஒழுங்கின்றியே வந்து சேர்கிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 விழுக்காடு. 100 துகள்களே விழுந்தால் அது 10 விழுக்காடாகிவிடுகிறது. சில்லின் வெப்பமும், மின்னேற்றத்தை அளந்து படிக்கும் சுற்றும் தத்தம் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கின்றன. கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவது கிடைத்த சைகையைப் பெருக்குமேயன்றிப் புதிதாக ஒளியைச் சேர்க்காது.

1999இல் வந்த நிக்கான் டி1 கேமராவில் ஏறத்தாழ 27 இலட்சம் பிக்சல்களும் 1600 வரையிலான ஐஎஸ்ஓவும் இருந்தன. 2007இல் வந்த டி3, 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவையொட்டிய, முன்னதைப்போல் இரு மடங்குக்கும் சற்று அதிகப் பரப்புள்ள சென்சாரில், அதாவது ஒளியுணர் சில்லில், 1.2 கோடி பிக்சல்களைக் கொண்டு 6400 ஐஎஸ்ஓவை எட்டியது. அதே பரப்பில் 3.6 கோடி பிக்சல்களை அடுக்கிய டி800 2012இல் வெளிவந்தபோது, ஒவ்வொரு பிக்சலின் பரப்பும் டி3இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதால், தனிப் பிக்சலளவில் இரைச்சல் கூடுதலாகத் தெரிவது இயல்பே. ஆயினும் இரு படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டால், அருகருகே உள்ள பிக்சல்கள் கலந்து சராசரியாகிவிடுவதால், அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

வெள்ளரளி, சிவப்பரளி, நொச்சி இலை ஆகியவற்றை நெருக்கமாக மடித்துப் பின்னும் தோவாளை மாணிக்கமாலையின் இழைநயத்தைப் படமாக்குவோருக்கு இவ்வரலாறு நேரடியாகப் பயன்படும். சிறிய சென்சார் கொண்ட கைபேசி, இரைச்சலை மென்பொருளால் மழுப்பும்போது இதழ் மடிப்புகளையும் சேர்த்தே மழுப்பிவிடக்கூடும். மெகாபிக்சல் எண்ணிக்கை படத்தின் நுணுக்கத்துக்கு மேல்வரம்பை மட்டுமே வகுக்கிறது. அவ்வரம்பை உண்மையில் எட்ட முடியுமா என்பதை, லென்ஸின் தரத்தோடு, சென்சாரின் மொத்தப் பரப்பில் விழும் ஒளியின் அளவே தீர்மானிக்கிறது.