தறிக்குழியிலிருந்து தகுதிப் புள்ளி வரை

தென்காசியில் வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால், விடுமுறைக்கு ஊர் வந்தவர்களும் புறப்படத் துடிக்கிறவர்களும் என் பெஞ்சில் சேர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்றின் பரிந்துரையில் விசா கேட்பவரிடம் கேட்கப்படுவது நிறைய: பட்டியலில் உள்ள தொழிலும் அதன் ஆறு இலக்கக் குறியீடும், திறன் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று முதலாளி லெட்டர்பேடில் எழுதித் தரும் கடிதம். இந்தக் கடிதத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். இதே மண்ணிலிருந்து ஒரு காலத்தில் துண்டுக் காகிதம்கூட இல்லாமல் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள் என்பதை நினைத்தால், நடுவில் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களில் பெரும்பாலோர் அன்று நெசவாளர்கள். விடியுமுன் தெருவில் பாவு விரித்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் நூல் நூலாகப் பிரித்து உலர்த்தியாக வேண்டும். வீட்டுக்குள் தறிக்குழியில் கால் மிதிக்க, கை நாடாவைத் தள்ளும். தார் சுற்றுவது பெண்களும் பிள்ளைகளும். எட்டு வயதில் தொடங்கிக் கண் மங்கும்வரை தொடரும் படிப்பு அது. மில் துணி சந்தையை நிறைத்தபோது அந்தப் படிப்புக்குக் கூலி இல்லாமல் போனது. 1876–78 பெரும் பஞ்சம் மிச்சமிருந்த தெம்பையும் எடுத்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக்கு தொடங்கியது.

சிங்கப்பூரில் அவர்கள் குடியேறிய இடம் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார். இந்தியர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் வெளிநாட்டவர் வரவைக் கட்டுப்படுத்திய 1933-இன் அந்நியர் சட்டம்கூட அவர்களைத் தடுக்கவில்லை. ‘இவன் நம்ம தெருப் பையன், பாடுபடுவான்’ என்று முன்னே போனவர் சொன்ன சொல்லே பரிந்துரைக் கடிதம். நெய்யத் தெரிந்த கைகள் அங்கே மூட்டை தூக்கின. துறைமுகத்தில் வேலை பார்த்தன. தறியில் கற்றதை எந்தப் பதிவேடும் கேட்கவில்லை.

மற்றத் தமிழ் முஸ்லிம்களில் ஆண்கள் தனியே போய்வந்த காலத்தில், கடையநல்லூர்க்காரர்கள் மனைவி மக்களையும் அழைத்துப் போனார்கள். அந்தப் பெண்கள் சந்தையில் அரைத்த மசாலா விற்றார்கள். மிளகாய், மஞ்சள், மல்லி தனித்தனி உருண்டையாக இருக்கும். மீனா, கறியா, எத்தனை பேருக்கு என்று கேட்டு, விரலாலேயே அளவெடுத்துக் கூட்டித் தருவார்கள். மலாய்க்காரர் நாக்கும் தமிழர் நாக்கும் வேறு வேறு என்று அறிந்த கை அது. ஒரு குடியேற்றப் பட்டியலிலும் இடம்பெறாத அந்தத் திறமைதான் பல வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது. 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. போர் முடிந்ததும், 1946-இல் அந்தச் சங்கம் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. கூலிக்குப் போனவர்கள் கட்டிய பள்ளி அது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1953 ஆகஸ்ட் 1 அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நெருங்கிய உறவினர் நீங்கலாக, அங்கே தேவைப்படும் தனித்திறன் உள்ளவருக்கே வழி. தெருக்காரர் சொல் அன்றோடு செல்லாமல் போனது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானதும், குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்கவே அனுமதி பெற வேண்டியதாயிற்று.

எழுபதுகளில் வளைகுடா திறந்தது. அங்கே முதலில் கையைப் பார்த்தார்கள்: வெல்டருக்கு இரண்டு தகடுகளைக் கொடுத்து ஒட்டச் சொல்லி, ஒட்டிய இடத்தைச் சோதிப்பார்கள். ஆனால் இந்தியாவின் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் தனிக் குறி விழும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் அனுமதி வாங்கியாக வேண்டும். கைத்திறனும் காகிதமும் ஒன்றாகக் கேட்கப்பட்ட காலம் இது.

ஆஸ்திரேலியாவோ 1901-இலிருந்து 1958 வரை ஐரோப்பிய மொழி ஒன்றில் சொல்வதெழுதல் வைத்து நம் போன்றவரைத் திருப்பி அனுப்பிய நாடு. கனடா 1967-இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 1979-இல் தொடர்ந்தது. நிறத்துக்குப் பதிலாக வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது பெரிய மாற்றம். இன்று விண்ணப்பிக்கவே 65 புள்ளிகள் வேண்டும். 190 என்ற விசாவுக்கு மாநிலம் பரிந்துரைத்தால் 5 புள்ளி. பெருநகரங்களுக்கு வெளியே வாழச் சம்மதிப்பவருக்கான 491-க்கு 15. அந்த 491 தொடங்கியது 2019 நவம்பர் 16. அதே மாதம் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமானது.

“அண்ணாச்சி, எம்மவன் எட்டு வருசமா வெல்டிங் பட்டறையிலதான் கெடக்கான். லெட்டர் கேட்டா, அதெல்லாம் நம்மகிட்ட ஏதுன்னு மொதலாளி சொல்லுதாரு” என்று ஒரு தாய் என் மேசை முன் நின்றார். சம்பளம் கையில் கொடுத்தது. வருகைப் பதிவு இல்லை. அந்தப் பையன் போட்ட கேட்டுகள் இந்த ஊர் வீடுகளில் உறுதியாக நிற்கின்றன. ஆனால் எட்டு வருட உழைப்புக்கு ஒரு வரிச் சான்றும் இல்லை. அவன் படிப்பில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பேசாதிருப்பதுதான் குறை.

நம்மவர்களிடம் திறமைக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அதற்குச் சாட்சி சொல்பவர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்: அன்று தெருக்காரர், இன்று முதலாளியும் மதிப்பீட்டு வாரியமும் மாநில அரசும். அதனால் பட்டறை, ஓட்டல், மருத்துவமனை நடத்தும் என் ஊர்க்காரர்களிடம் கேட்கிறேன்: சம்பளத்தை வங்கியில் போடுங்கள், சேர்ந்த தேதியை எழுதி வையுங்கள், விலகும்போது செய்த வேலையைச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். தஞ்சோங் பகாரில் ஒரு தெருக்காரர் இன்னொருவருக்குச் செய்ததைவிட இது பெரிய உதவியல்ல, அதே கடமைதான்.