தேர்வு வேறு, கல்வி வேறு

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கழகச் செயலாளர் பணித்தபொழுது, எதனை எழுதுவதென்று யாம் நெடுநேரம் எண்ண நேரவில்லை. முப்பதாண்டுகளாக ஆசிரியப் பணியில் உழலும் எமக்குச் சனவரித் திங்கள் பிறந்தாலே நெஞ்சில் பாரம் ஏறுகிறது. பத்தாம் வகுப்பில் அன்றோடு பாடம் நின்றுவிடும். பிறகு நடப்பதெல்லாம் தேர்வுக்கு ஆள் தயாரிக்கும் வேலையே. இந்நோய் நேற்று முளைத்ததன்று. நூற்றறுபது ஆண்டு வரலாறு இதற்கு உண்டு. அவ்வரலாற்றில் நம் சேரிப் பிள்ளைகளுக்கும் இடமிருந்தது என்பதனை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

இது தொடங்கியது இங்கிலாந்தில். ஏழைப் பிள்ளைகள் பயிலும் தொடக்கப் பள்ளிகளுக்கு அந்நாட்டு அரசு மானியம் வழங்கி வந்தது. செலவு ஆண்டுதோறும் ஏறவே, கல்விப் பொறுப்பிலிருந்த இராபர்ட் லோ என்பார் 1862ஆம் ஆண்டில் புதிய விதித்தொகுப்பு ஒன்றைக் கொணர்ந்தார். பள்ளி பெறும் பணத்தின் பெரும்பகுதி, ஆண்டுக்கொரு முறை வரும் இன்ஸ்பெக்டர் நடத்தும் தேர்வில் பிள்ளைகள் தேறுவதைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். வருகைக்கு 4 ஷில்லிங். தேர்வுக்கு 8 ஷில்லிங். அந்த 8 ஷில்லிங்கையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என மூன்றாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் என விலை குறித்தனர். கணக்கில் ஒரு பிள்ளை தவறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் நட்டம். கல்வி மலிவாயிராவிடின் திறமாயிருக்கும், திறமாயிராவிடின் மலிவாயிருக்கும் என்னும் கருத்துப்பட லோ நாடாளுமன்றத்தில் பேசினார். மலிவு கிட்டியது உண்மைதான். 1861இல் 8 லட்சம் பவுனுக்கு மேலிருந்த மானியம் 1865இல் ஆறரை லட்சத்திற்கும் கீழே இறங்கிற்று.

திறம் என்னவாயிற்று? ஆசிரியரின் சம்பளம் பிள்ளையின் நாவில் தொங்கலாயிற்று. இன்ஸ்பெக்டர் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பாரோ, அந்த ஒன்றையே ஆண்டு முழுதும் ஓதுவித்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடையின்றி வாசித்த பிள்ளைகளைப் பற்றி அந்நாட்டுக் கல்வி வரலாற்றில் படிக்கின்றோம். நோயில் கிடந்த பிள்ளையையும் தேர்வு நாளில் தூக்கிவந்து நிறுத்தினார்களாம். வரலாறும் புவியியலும் வகுப்பறையை விட்டு வெளியேறின. அவற்றுக்கு விலை குறிக்கப்படவில்லையன்றோ! 1851 முதல் 1886 வரை பள்ளி இன்ஸ்பெக்டராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு, இம்முறை கல்வியை இயந்திரமாக்கிவிட்டது எனத் தம் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் எழுதினார். அரசாங்க ஊழியர் ஒருவர் அரசாங்கத்தின் திட்டத்தைப் பிழையென்று எழுதியது எளிய செயலன்று. அவர் பேச்சு அம்பலம் ஏறுவதற்கு முப்பதாண்டு ஆயிற்று. 1890களிலேதான் இங்கிலாந்து அம்முறையைக் கைவிட்டது.

இங்கிலாந்தில் தைத்த சட்டையைச் சென்னை மாகாணத்திற்கும் போட்டு அழகு பார்த்தார்கள். 1860களிலேயே உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 'ரிசல்ட் கிராண்ட்' என்னும் பெயரில் இங்கும் அம்முறை வந்துவிட்டது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, தொடக்கப் பள்ளிகளுக்கு அதுவே பொது விதியாயிருக்கலாம் என்றது. எனினும் பின்தங்கிய வட்டாரங்களில் உள்ள பள்ளிகளுக்கு விலக்களித்துத் தனி விதிகளால் உதவலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. பின்தங்கியோருக்கு அம்முறை ஒவ்வாது என்பதை அக்குழுவே உணர்ந்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்வி பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் 'மாக்னா கார்ட்டா' என அது புகழப்படுகிறது. சேரிகளில் பள்ளி திறக்கவும், இடம் ஒதுக்கவும், நம்மவரிலிருந்து ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் அது வழி செய்தது. பஞ்சமப் பிள்ளை தேறினால் வழக்கத்தினும் கூடுதலான வீதத்தில் மானியம் என்பதும் அச்சலுகைகளுள் ஒன்று. நோக்கம் நல்லதே. ஆயினும் கூடுதல் பணமும் தேறிய பிள்ளைக்குத்தான். நடவுக்கும் அறுப்புக்கும் பண்ணைக்குச் சென்று, இடையிடையே பள்ளிக்கு வந்து, தேர்வு நாளில் வராமற்போன பிள்ளைக்கு ஆசிரியர் கற்பித்ததெல்லாம் கணக்கில் சுழியமே. அத்தகைய பிள்ளைமீது உழைப்பைச் செலவிட எந்த ஏழை ஆசிரியருக்குத்தான் மனம் வரும்? இங்கிலாந்து கழற்றி எறியத் தொடங்கிய சட்டையையே அவ்வாண்டுகளில் நம் பிள்ளைகள் உடுத்திக்கொண்டிருந்தனர். கர்சன் காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானம் 1904இல் இம்முறைக்கு எதிராகத் தீர்ப்பளித்த பின்னரே இந்நாட்டிலும் அது மறையலாயிற்று.

இவ்விடத்தில் நம் தலைவரை நினையாமல் மேலே செல்ல இயலாது. அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி குறித்துப் பலமுறை பேசினார். தொடக்கப் பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளுள் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர், எஞ்சிய 82 பேரும் மீண்டும் எழுத்தறியா நிலைக்கே வீழ்கின்றனர் எனக் கணக்குக் காட்டினார். பல்கலைக்கழக மசோதா பற்றிய விவாதத்தின்போது இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னார். தேர்வு என்பது கல்வியினின்றும் வேறானது. கல்வியின் தரத்தை உயர்த்துகிறோம் என்னும் பெயரால் தேர்வைக் கடினமாக்கி, அதுவரை பல்கலைக்கழக வாயிலைக் காணாத பின்தங்கிய சமூகங்களை வெளியே நிறுத்துகிறார்கள் என்பது அவர் வாதம். மேல்நாட்டுப் பட்டங்களைப் பெற்ற ஒருவர் இதனைச் சொன்னார் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

அப்படியானால் தேர்வே வேண்டாமா என்று கேட்பீர்கள். யாம் அவ்வாறு சொல்லவில்லை. விடைத்தாளில் பெயரில்லை, தெருவில்லை, சாதியில்லை. பதிவெண் மட்டுமே உண்டு. அந்தப் பதிவெண்ணின் மறைவிலேதான் நம்மவர் பலர் அரசுப் பணிக்குள் நுழைந்தனர். யாமும் அவ்வாறு வந்தவரே. எமது சினமெல்லாம், தேர்வு வகுப்பறைக்குள் புகுந்து ஆசிரியரின் நாற்காலியில் அமர்ந்துகொண்டது பற்றியதே.

இன்று பிள்ளைக்கு இத்தனை ஷில்லிங் என்ற விலை இல்லை. அதன் இடத்தில் தேர்ச்சி விழுக்காடு இருக்கிறது. ஆய்வுக் கூட்டத்தில் விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். யாமும் நின்றிருக்கின்றோம். அப்படி நின்றுவிட்டு வந்த ஆண்டில் யாம் செய்ததை மறைக்க விரும்பவில்லை. சனவரியில் அறிவியல் ஆய்வகத்தைப் பூட்டினோம். நூலகப் பாடவேளையையும் விளையாட்டுப் பாடவேளையையும் எடுத்துவிட்டோம். 'மெல்லக் கற்போர்' எனப் பத்தொன்பது பிள்ளைகளைப் பிரித்து, மெலிந்த கையேடு ஒன்றைத் தந்து, அதிலுள்ள வினாக்களை மட்டும் காலையும் மாலையும் எழுதச் செய்தோம். அவர்களுள் பதினான்கு பேர் நம் தெருப் பிள்ளைகள். அவர்கள் மெல்லக் கற்பவர் அல்லர். வீட்டில் முதன்முதலாகக் கற்பவர். அந்த ஆண்டு நூறு விழுக்காடு. பொன்னாடை போர்த்தினார்கள்.

தனியார் பள்ளிகள் பல இதனினும் முன்னே சென்றன. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டும் உருப்போடச் செய்தன. அதனைத் தடுக்க 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு வைத்தது. தேர்வு தந்த நோய்க்கு இன்னொரு தேர்வே மருந்து! 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது.

அந்தப் பதினால்வருள் ஒருவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, முதலாண்டு முடியுமுன் திரும்பிவிட்டான். கடைத்தெருவில் எம்மைக் கண்டவன் சைக்கிளை நிறுத்தி வணங்கினான். ஏனப்பா விட்டுவிட்டாய் என்றோம். "அங்கே நடத்துவதைப் படித்துப் புரிந்துகொள்ள வரவில்லை, சார். நீங்கள் கொடுத்த கேள்விகளை அங்கே யாரும் கேட்கவில்லை" என்றான். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். எமக்குப் போர்த்திய பொன்னாடை இன்னும் பீரோவில் இருக்கிறது.

சென்ற சூன் முதல் நம் கழகத்தின் இரவுப் பாடசாலையில் முதல் அரைமணி நேரம் வினா விடை எதுவும் கிடையாது. பிள்ளைகள் முறைவைத்துச் செய்தித்தாளை உரக்க வாசிக்க வேண்டும். வாசித்ததை அடுத்தவனுக்குத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். தேர்வு நெருங்குகிறதே, இது எதற்கு எனப் பெற்றோர் சிலர் கேட்டனர். அவர்கள் கேட்பதில் பிழையில்லை. பிள்ளை தேறினால்தான் அடுத்த வாயில் திறக்கும். அவர்களோடு அமர்ந்து பேசிவருகின்றோம். பள்ளியிலும் இவ்வாண்டு சனவரியில் ஆய்வகத்தைப் பூட்டவில்லை. விழுக்காடு என்னவென்பது மே மாதம் தெரியும்.