டர்பனில் எங்கே சாப்பிடலாம்? தட்டு இல்லாத ஒரு சாப்பாட்டின் வரலாறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் போகிறவர்கள், அங்கே எங்கே சாப்பிடலாம் என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் 'பன்னி சௌ'. கால் ரொட்டியையோ அரை ரொட்டியையோ எடுத்து, நடுவில் இருக்கும் மெத்துப் பகுதியைத் தோண்டிவிட்டு, அந்தக் குழிக்குள் சூடான ஆட்டுக்கறிக் குழம்போ பீன்ஸ் குழம்போ ஊற்றித் தருவார்கள். தோண்டியெடுத்த துண்டே மேலே மூடி. தொட்டுக்கொள்ளத் துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்த சம்பல். 'குவார்ட்டர் மட்டன்' என்று கேட்டால் கால் ரொட்டி வரும். தட்டும் கிடையாது, கரண்டியும் கிடையாது. கையால்தான் சாப்பிட வேண்டும்.

பயண எழுத்தாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இந்தச் சாப்பாட்டுக்கு ஏன் தட்டு இல்லை?

கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றித் தரப்பட்ட சமூகத்தின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை.

பாலாற்றங்கரையிலிருந்து போனவர்கள்

டர்பனுக்கும் நமக்கும் உள்ள உறவு உவமைக்காகச் சொல்வதல்ல, ரத்த உறவு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து அதிகமானோரை அனுப்பிய மாவட்டங்களில் முன்வரிசையில் இருந்தது வட ஆற்காடு. அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களும் சித்தூரும் சேர்ந்த நிலப்பரப்பு. விரிஞ்சிபுரமும் ஆம்பூரும் இதற்குள்தான் வருகின்றன.

ஏன் போனார்கள்? நிலம் இல்லை. பண்ணையாள் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகக் கடன். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் இந்த மாவட்டத்தையும் அரைத்துப் போட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஆள் பிடிக்கும் தரகர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுக்கா, கிராமம் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 'பறையர்' என்பது திரும்பத் திரும்ப வருகிறது. வன்னியர், செட்டி, நாயுடு, முஸ்லிம் என்று மற்றவர்களும் இருக்கிறார்கள். ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள், கப்பலில் ஒரே அண்டாவில் வெந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். சாதி அந்தக் கடலில் மூழ்கிவிடவில்லை. ஆனால் சேர்ந்து உண்ணக்கூடாது என்ற அதன் விதிக்கு அங்கே பலத்த அடி விழுந்தது.

கரும்புத் தோட்டத்தில் 5 ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங் கூலி, கூடவே அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் என்று அளந்து போடும் படி. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்களை விரட்டவோ மீண்டும் தோட்டத்துக்குள் தள்ளவோ 3 பவுண்ட் தலைவரி வந்தது. 1895இல் போடப்பட்ட அந்த வரியை எதிர்த்துத்தான் 1913இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1914இல் வரி ஒழிந்தது. காந்தியின் வெற்றி என்று பாடநூல்கள் சொல்லும் அந்தப் போராட்டத்தின் உடலும் வயிறும் நம் மக்களுடையவை.

நம் ஊர் உணவும் அவர்களோடு போனது. ஆடி மாதத்தில் டர்பனின் மாரியம்மன் கோயில்களில் இன்றும் கூழ் ஊற்றுகிறார்கள். கேழ்வரகு இருந்த இடத்தில் அந்த ஊர் மக்காச்சோள மாவு. வட ஆற்காட்டுச் சேரிகளில் பசியை ஆற்றிய கூழ், கடல் கடந்தும் அம்மனுக்குப் படையலாகவே இருக்கிறது.

உட்கார இடம் யாருக்கு?

டர்பனில் இரண்டு வகை இந்தியர்கள் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்ட தமிழரும் தெலுங்கரும் போஜ்புரி பேசுவோரும் ஒரு வகை. சொந்தச் செலவில் டிக்கெட் வாங்கிப் போன வணிகர்கள், பெரும்பாலும் குஜராத்திகள், இன்னொரு வகை. கிரே தெருவைச் சுற்றி இந்த வணிகர்களின் கடைகளும் உணவகங்களும் எழுந்தன. நம்மவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், கூடையில் சுமந்து விற்றார்கள், வெள்ளையர் ஓட்டல்களில் பரிமாறுகிறவர்களாக வேலை செய்தார்கள். பரிமாறிய மேசையில் அவர்கள் உட்கார முடியாது.

பன்னி சௌ பிறந்தது இந்தத் தெருக்களில்தான் என்று சொல்லப்படுகிறது. 'பனியா' என்பதிலிருந்து 'பன்னி' வந்தது என்பார்கள். எப்படிப் பிறந்தது என்பதற்குப் பல கதைகள். கறுப்பினத்தவர் உணவகத்துக்குள் உட்கார முடியாததால் பின்வாசல் வழியாக ரொட்டிக்குள் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள் என்பது ஒரு கதை. கோல்ஃப் மைதானத்தில் மட்டை சுமக்கும் இந்தியர்களுக்குச் சாப்பிட்டு வர நேரம் இல்லாததால் இப்படி எடுத்துப் போனார்கள் என்பது இன்னொன்று. தோட்டக் கூலிகள் மதியச் சாப்பாட்டை இப்படிக் கொண்டுபோனார்கள் என்பது மூன்றாவது.

எந்தக் கதையை எடுத்தாலும் அதில் ஒரு விஷயம் மாறவில்லை. சாப்பிடுகிறவருக்கு உட்கார இடம் இல்லை. அவர் தொட்ட தட்டைக் கழுவி எடுத்து மறுபடி இன்னொருவருக்கு வைக்கும் நிலையும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரமும் சேர்ந்து மறைந்துவிடும் சாப்பாடு அது.

1953இல் நிறவெறி அரசு தனித்தனி வசதிகள் சட்டத்தைக் கொண்டுவந்து, பழக்கத்தில் இருந்த பாகுபாட்டைச் சட்டமாகவே எழுதிவைத்தது. பேருந்து, கடற்கரை, பூங்கா இருக்கை என எல்லாம் தனித்தனி. தரம் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் அந்தச் சட்டமே சொன்னது. அது நீக்கப்பட்டது 1990இல்.

நம் ஊர்க் கடைகளும் சட்டங்களும்

இங்கே நடந்தது தலைகீழ். 1950இல் நம் அரசமைப்புச் சட்டம் 15(2)ஆம் பிரிவில் கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லியே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தென்னாப்பிரிக்கா பாகுபாட்டைச் சட்டமாக்கிய அதே காலத்தில் நாம் 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் கொண்டுவந்தோம். அங்கே சட்டத்தை உடைக்கப் போராடினார்கள். இங்கே இருக்கிற சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போராடிக்கொண்டிருக்கிறோம்.

1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து 2 ஆண்டுகள் கழித்துத்தான் இது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. புகார் வரும் இடங்களில் இப்போது பிளாஸ்டிக் கப்போ காகிதக் கப்போ வந்திருக்கிறது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்காரருக்குத் தூக்கி எறியும் கப். கேட்டால் 'சுத்தம்' என்பார்கள். தூக்கி எறியும் பாத்திரத்தின் அரசியல் டர்பனுக்கும் நமக்கும் பொது.

இந்த இரண்டு ஊர்களையும் தன் வாழ்க்கையில் இணைத்தவர் ஒருவர் உண்டு. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். நாடு திரும்பிச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரான பிறகு, 1924இல் பொதுச் சாலைகள், கிணறுகள், பொது இடங்கள் எல்லாம் ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். நிறத்தின் பேரில் கதவு மூடும் நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு வந்தவர், சாதியின் பேரில் மூடிய கதவுகளைச் சட்டமன்றத்தில் தட்டினார். நம் பாடநூல்களில் இந்தப் பயணத்துக்கு இடம் இல்லை.

நம்மவரும் கதவை மூடியபோது

வரலாற்றைப் பாதி சொன்னால் அது பெருமைப் பேச்சாகிவிடும். இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும்.

நிறவெறி அமைப்பு இந்தியர்களை நடுப்படிக்கட்டில் நிறுத்தியது. மேலே வெள்ளையர், கீழே கறுப்பினத்தவர். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது இதைத்தான் நினைவூட்டுகிறது. ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கும்போது, மேலே இருப்பவரை எதிர்க்க யாரும் ஒன்றுசேர மாட்டார்கள். 1949 ஜனவரியில், விக்டோரியா தெருச் சந்தைப் பகுதியில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஒரு கறுப்பினச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆப்பிரிக்கர்கள் அதிகம், இந்தியர்கள் 50 பேர். 2021 ஜூலை வன்முறையின்போது டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸ் பகுதியில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தடுப்பு போட்டுத் தெருவை மறித்து நின்றவர்களில் நம் கப்பல்களில் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர்களும் அதே மண்ணில்தான் இருந்தார்கள். 1947 மார்ச்சில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் சூமாவும் இந்திய காங்கிரஸ்களின் தாதூவும் நாய்க்கரும் சேர்ந்து போராடுவதென்று கையெழுத்திட்டார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் அதற்கு மருத்துவர்கள் ஒப்பந்தம் என்றே பெயர். 1952 எதிர்ப்பு இயக்கத்தில் கறுப்பினத்தவரும் இந்தியரும் தோளோடு தோள் சேர்ந்து, வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடங்களுக்குள் நுழைந்து கைதானார்கள். 8 ஆண்டு கழித்து அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் 4 கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். உட்காருவதே போராட்டமாக இருந்த காலம் அது.

இன்று டர்பனின் கிரே தெருவுக்கு யூசுஃப் தாதூவின் பெயர். விக்டோரியா தெருவுக்குக் கறுப்பினப் பெண் போராளி பெர்தா ம்கீஸேயின் பெயர். அந்த இரண்டு தெருக்களில் நடந்துதான் பன்னி சௌ தேட வேண்டும்.

மாட்டுத்தலையும் ஆம்பூர் பிரியாணியும்

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வார்விக் சந்திப்பு. அதிகாலைச் சந்தை 1934 முதல் அங்கே நடக்கிறது. இந்தியக் காய்கறி வியாபாரிகளின் சந்தை அது. 2009இல் அதை இடித்து வணிக வளாகம் கட்ட மாநகராட்சி முயன்றபோது, இந்திய வியாபாரிகளும் கறுப்பின வியாபாரிகளும் சேர்ந்து நின்று தடுத்தார்கள்.

அதே வார்விக்கில் ஸூலு பெண்கள் மாட்டுத்தலையை வேகவைத்து விற்கிறார்கள். மரபில் ஆண்களுக்கு உரிய உணவு அது. அதைப் பெண்கள் சமைத்துப் பிழைப்பாக்கினார்கள். அவர்களை விரட்டாமல், தண்ணீரும் சமைக்கும் இடமும் கொடுத்து ஒழுங்குபடுத்தும் வேலை அங்கே நடந்திருக்கிறது. தெரு வியாபாரிகளோடு அங்கே வேலை செய்யும் ஓர் அமைப்பின் பெயர் 'அசியே எதஃபுலேனி'. மேசைக்கு வாருங்கள் என்று பொருள்.

நம் மேசைக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பகுதியில் மாட்டின் தோலைத் தொட்டு, சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் கை கால் வெந்து உழைப்பவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் முஸ்லிம்களும். அந்தத் தோல் ஷூவாகி வெளிநாடு போகும்போது நாட்டுக்கு அந்நியச் செலாவணி. அதே மாட்டின் கறியை அந்தத் தொழிலாளி பிரியாணியாகச் சாப்பிட்டால் மட்டும் முகம் சுளிப்பு.

2022 மே மாதம் ஆம்பூரில் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு அனுமதி இல்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. தட்டை மறுப்பதற்குப் பதில், தட்டில் இருப்பதை மறுத்தார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

மாணவத் தோழர்களுக்கு

பன்னி சௌவை வெறுக்கச் சொல்லவில்லை. உட்கார விடாத ஊரில் மக்கள் தமக்கென்று சமைத்துக்கொண்ட சுவை அது. ஒதுக்கலிலிருந்து பிறந்த உணவு ஒரு நகரத்தின் பெருமையாக மாறியிருப்பது நல்லதே. ஆனால் பெருமை வந்ததும் பின்வாசலை மறந்துவிட்டால், அடுத்து யாருக்குக் கதவு மூடப்படுகிறது என்பது கண்ணில் படாது.

எனவே மூன்று வேலைகள். உங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் யார் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் நின்று குடிக்கிறார்கள், யாருக்கு எந்தக் கப் என்று தேதியோடு எழுதிவையுங்கள். வழக்கு தொடுக்கும் நாளில் அது உதவும். இரண்டாவது, நேட்டாலுக்கோ வேறு நாட்டுக்கோ போய்த் திரும்பாத தாத்தா, பாட்டி பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கப்பல் பட்டியலில் உங்கள் தாலுக்காவின் பெயரைத் தேடுங்கள். மூன்றாவது, விடுதியிலோ கல்லூரியிலோ சேர்ந்து சாப்பிடும்போது, நம் பக்கத்தில் யார் உட்காரவில்லை என்று பாருங்கள். அருந்ததியர் தோழரா, இருளர் தோழரா, வடநாட்டிலிருந்து தோல் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவரா?

அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருங்கள்.

ஜெய் பீம்.