பீப்பாய்க்குள் ஒரு கத்தி

போன ஞாயிறு மும்பை சோர் பஜாரில் சுற்றும்போது, மரப்பீப்பாய் மாதிரி ஒரு சாமான் கண்ணில் பட்டது. பொத்தானை அழுத்தி இழுத்தால் உள்ளிருந்து ஒரு இரும்புச் சட்டம். அதில் மடங்கிய கத்தி. விரித்துச் சட்டத்தைத் திரும்பச் செருகினால் பீப்பாயே கைப்பிடி!

அலகில் 'எஸ்கில்ஸ்டூனா' என்று முத்திரை. ஸ்வீடன் நாட்டு ஊர். 1650களில் ரிகாவிலிருந்து வந்த ரெய்ன்ஹோல்ட் ராடமாக்கர், மன்னர் பத்தாம் கார்ல் குஸ்தாவின் ஆதரவில் அங்கே கொல்லுப்பட்டறைகள் அமைத்தார். 1771இல் அரசு அங்கே ஒரு 'சுதந்திர நகரம்' அறிவித்தது. கைவினைச் சங்கங்களின் தயவில்லாமல் கொல்லர்கள் தொழில் செய்யலாம், வரிச்சலுகையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பீப்பாய்க் கத்தி அந்த ஊர்ப் பெயரோடு வெளிநாடுகளுக்குப் போனது. சலுகையை அரசு கொடுத்தது. பெயரைச் சம்பாதித்தது கொல்லர்கள்தான். காமர்ஸ் படித்த எனக்கு அதுதான் பிடித்தது.

கடன் மனுவைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். முத்திரை தெளிவு. தீட்டித் தீட்டி அலகு தேயவில்லை. மரத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு, போகட்டும். ஆனால் சட்டம் பிடிக்குள் ஆடியது. வெட்டும்போது நழுவினால் விரல் போச்சு. அதைச் சொல்லி, கேட்ட விலையில் பாதிக்கு வாங்கினேன்.

மகனுக்கு மாம்பழம் நறுக்கக் கொடுக்க நினைத்தது நடக்காது. தங்கமணி கேட்டது ஒன்றுதான்: "தேங்காய் கீறுமா?"

பதில் சொல்லாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.