நீரிணையைக் கடந்து வந்த அயலார்

ஓசூரிலிருந்து கடல் வெகு தொலைவு. கர்நாடக எல்லையை ஒட்டிய ஆலைகளில் உழைக்கும் நமக்குக் கப்பற்பயணம் அயலான செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் நமது கிருஷ்ணகிரி மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் குடும்பங்களின் வரலாறு, ஒரு கடல்வழியின் வரலாறே ஆகும்.

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் புறப்பட்ட இரயில் தனுஷ்கோடித் துறைவரை சென்றது. பயணிகள் அங்கே நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சென்றனர். சென்னை முதல் கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டு! மக்கள் இதனைப் 'போட் மெயில்' என்றனர். வணிகரும் மாணவரும் சென்ற இவ்வழியில்தான், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட தோட்டத் தொழிலாளரும் சென்றனர்.

1964 இவ்வழியைப் புரட்டிப்போட்ட ஆண்டு. அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. டிசம்பர் 22, 23 நாள்களில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு இரயிலையும் கடல் விழுங்கிற்று. பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தோர் பலர், தாம் பார்த்தறியாத 'தாயகத்திற்கு' அதில் வந்திறங்கினர்.

1983 இனக்கலவரத்தை அடுத்து மூண்ட போரினால் அச்சேவையும் நின்றது. கப்பல் நின்றது, மக்கள் கடப்பது நிற்கவில்லை. பயணச்சீட்டோடு கடந்த நீரை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மீன்பிடிப் படகுகளில் கடந்தனர். அவர்களில் சிலரே இன்று நம் அயலார்.

திருச்சபைக்கும் இக்கடல் புதிதன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்திருந்த 1687இல், புனித ஜோசப் வாஸ் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் கோலத்தில் கடந்து யாழ்ப்பாணம் அடைந்தார். அவரை மறைத்துக் காத்தவர்கள் அங்கிருந்த எளிய இறைமக்களே. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்றது. இடைநின்ற அச்சேவை 2024 ஆகஸ்டு 16இல் மீண்டும் தொடங்கிற்று. மகிழ்ச்சியே. ஆனால் கப்பலேறக் கடவுச்சீட்டு வேண்டும். முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இந்தியக் குடியுரிமையே கிட்டவில்லை. பட்டம் பெற்றும், அதற்கேற்ற பணியில் சேர அவர்கள் இடர்ப்படுகின்றனர்.

ஆலைகளை நம்பி வேற்றூர்களிலிருந்து வந்து ஓசூரில் குடியேறியோர் நம்மில் எத்தனை பேர்! புகலிடம் தேடி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அவ்வாறெனில், அந்த இளைஞருக்கு நம் பங்கின் கதவும், நாம் பணிபுரியும் ஆலையின் கதவும் திறக்க நாம் என்ன செய்தோம்? சிந்திப்போம், செயல்படுவோம்.