முகவலிக்கு வலிப்பு மாத்திரை

பல் துலக்கும்போது, முகம் கழுவும்போது, ஏன், ஃபேன் காற்று பட்டால்கூட ஒரு பக்கக் கன்னத்தில் ஷாக் அடித்தாற்போல் சுரீரென்று வலிக்கும். சில நொடிகள்தான். அப்புறம் ஒன்றுமிருக்காது. மறுபடியும் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே அதிகம் வருகிற இந்த நோய்க்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர். பல்வலி என்று நினைத்து நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் ஏராளம். டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினால் மருந்துக்கடைக்காரர், "இது வலிப்பு மாத்திரையாச்சே" என்பார். வாங்க வந்தவருக்குத் தூக்கிவாரிப்போடும்.

அந்தச் சம்பந்தம் பிடிபட 200 வருடம் ஆயிற்று.

1756-ல் பிரான்ஸில் நிக்கோலா ஆந்த்ரே என்ற அறுவை மருத்துவர் இந்த நோயை விவரித்து, முகம் வெட்டி இழுப்பதைப் பார்த்துப் பெயரும் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அதை அவர் எழுதியது சிறுநீர்ப் பாதை நோய்களைப் பற்றிய புத்தகத்தில்! 1773-ல் லண்டன் டாக்டர் ஜான் ஃபாதர்கில் இன்னும் தெளிவாக எழுதினார். நோய் தெரிந்ததே தவிர, எந்த நரம்பு என்று தெரியவில்லை. முகத் தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்பை வெட்டினார்கள். பாவம், நோயாளிக்கு முகம் கோணிப்போயிற்று, வலி போகவில்லை. முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வது ஐந்தாவது நரம்பு என்பதை 1820-களில்தான் சார்லஸ் பெல், ஹெர்பர்ட் மேயோ போன்றவர்கள் நிலைநாட்டினார்கள்.

அடுத்த படி பாரிஸில். அர்மாண்ட் த்ரூஸோ என்ற மருத்துவர், திடீரென வந்து திடீரென நிற்கும் இந்த வலி காக்காய் வலிப்பைப் போலவே இருக்கிறதே என்று 1853-ல் சொன்னார். வலி, வலிப்பு என்று ஒரே வேர்ச்சொல்லில் இரண்டையும் சொல்கிற நமக்கு அது பெரிய ஆச்சரியமில்லை! ஆனால் அவர் காலத்தில் கொடுக்க நல்ல மருந்து இல்லை. 1938-ல் ஃபெனிடாயின் வலிப்புக்கு வந்தது. 1942-ல் பிரான்ஸில் பெர்கூன்யான் அதை முகவலிக்குக் கொடுத்துப் பார்த்தார், பலருக்குக் கேட்டது. பின்பு சுவிட்சர்லாந்தின் கெய்கி கம்பெனியில் வால்ட்டர் ஷிண்ட்லர் கார்பமசெபைன் என்ற மருந்தைத் தயாரித்தார். அது முகவலிக்குக் கேட்கிறது என்று 1962-ல் ப்ளாம் என்பவர் லான்செட் இதழில் எழுதினார். இன்றுவரை முதல் மருந்து அதுதான்.

ஏன் கேட்கிறது? ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் (1952) விடையின் பாதி இருந்தது. நரம்புச் செல்லின் உறையில் சோடியம் நுழையச் சின்னஞ்சிறு கதவுகள் உண்டு. கதவு திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் செய்தி ஓடும். (சாப்பாட்டு உப்புக்கும் இந்த வலிக்கும் தொடர்பில்லை, ரசத்தில் உப்பைக் குறைத்துப் பயனில்லை.) ஒருமுறை திறந்த கதவு மூடி, சிறிது ஓய்ந்த பிறகே மறுபடி திறக்கும். கார்பமசெபைன் அந்த ஓய்வை நீட்டிவிடுகிறது. அதனால் சாதாரணத் தொடுகை தடையில்லாமல் போகும். வெறிபிடித்தாற்போல் அடுத்தடுத்துப் பாயும் செய்திகள்தான் மாட்டிக்கொள்ளும். வலிப்பில் மூளைச் செல்கள் செய்வதும் அதே வெறியாட்டம்தான்.

அந்த வெறி எதனால்? மூளைக்கு அருகே ஒரு ரத்தக்குழாய் நரம்பின் வேரை அழுத்துவதை வால்ட்டர் டேண்டி 1930-களில் கண்டார். உராய்ந்து உராய்ந்து நரம்பின் மேலுறை தேய்ந்துபோகிறது. 1960-களில் பீட்டர் ஜானெட்டா குழாயை விலக்கி நடுவே மெத்தை வைக்கும் அறுவையைக் கொண்டுவந்தார். மாத்திரை கேட்காதவர்களுக்கு இன்றும் அது செய்யப்படுகிறது.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. தலைசுற்றலும் தூக்கமும் வரும், நடையில் கவனம் வேண்டும். ஆரம்பித்த சில வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஆசியர்களில் சிலருக்குப் பரம்பரைக் கூறு ஒன்றினால் அது ஆபத்தாக முடியலாம் என்று 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. மாத்திரை தொடங்குமுன் அதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.